ஆறாம் வகுப்பின் பசி

1

700 கலோரி, 20 கிராம் புரதம்.

ஆறு முதல் எட்டு வரை படிக்கும் ஒரு பிள்ளையின் மதியச் சாப்பாட்டில் இவ்வளவு இருந்தாக வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை என்றால் 450 கலோரி, 12 கிராம். சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சில வரிகளில் முடிந்துவிடுகிற விஷயம். மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் எனக்கு இந்த மாதிரி அட்டவணைகள் மீது ஒரு ஈர்ப்பு உண்டு. எந்த நிரலைத் திறந்தாலும் உள்ளே எங்கோ ஓர் எல்லை எழுதப்பட்டிருக்கும். இந்த வயதுக்கு மேல் கிடையாது, இந்தத் தொகைக்குக் கீழ் செல்லாது என்று யாரோ ஒருவர் ஒரு மதியத்தில் முடிவு செய்து போட்ட எண். எல்லைக்கு உள்ளே இருப்பவர்கள் அந்த எண்ணைக் கவனிப்பதே இல்லை. ஒரு வயது, ஒரு வகுப்பு தள்ளி நிற்பவனுக்குத்தான் அது தெரியும்.

நான் ராசிபுரம் பக்கத்துக்காரன். ஊரில் இருந்தது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஒன்றிலிருந்து எட்டு வரை ஒரே காம்பவுண்டு, ஒரே வேப்பமரம், ஒரே சத்துணவுக் கூடம். இந்த நடுநிலைப் பள்ளி என்ற அமைப்பை மனதில் வைத்துக்கொண்டு கடந்த நூற்றைம்பது வருடத்தைப் படித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது. சோறாக இருக்கட்டும், விளையாட்டாக இருக்கட்டும், பதினொன்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை எப்போதும் இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. அந்தக் கதையைச் சேலம், நாமக்கல் சமவெளியில் நின்றுகொண்டு சொல்லிப் பார்க்கிறேன்.

2

ஏழையின் தட்டை அரசாங்கம் அளக்க ஆரம்பித்தது இந்த மண்ணில் பள்ளிக்கூடத்தில் இல்லை, பஞ்சத்தில்.

1876 முதல் 1878 வரையிலான பெரும்பஞ்சத்தை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் 'தாது வருசப் பஞ்சம்' என்பார்கள். அன்றைக்கு நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாமே சேலம் மாவட்டத்துக்குள் இருந்தன. சென்னை மாகாணத்தில் மோசமாக அடிவாங்கிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871இன் கணக்கெடுப்பில் இருந்ததைவிட 1881இல் மாவட்டத்தின் மக்கள்தொகை குறைந்திருந்தது. பத்து வருடத்தில் மக்கள்தொகை ஏறாமல் இறங்குவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

பஞ்ச நிவாரணச் செலவைக் குறைப்பதற்காக 1877இன் தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிளை வைஸ்ராய் இங்கே அனுப்பினார். நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடக் கொஞ்சம் காசு போதும் என்றார் டெம்பிள். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். அதைத் தின்றுவிட்டு ஆள் மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். அதை எதிர்த்து எழுதியவர் மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ.ஆர். கார்னிஷ். உழைக்கிற உடம்புக்கு ஒரு பவுண்டு போதாது என்றார். அதோடு நிற்கவில்லை. வெறும் தானியத்தை எவ்வளவு கொடுத்தாலும் பத்தாது, பருப்பும் காய்கறியும் கூட வேண்டும் என்று வாதாடினார். பிறகு கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள்.

கார்னிஷின் வாதத்தை நான் முக்கியமாக நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பசியை ஆற்றுவது ஒன்று, உடம்பை வளர்ப்பது வேறொன்று என்ற பேச்சு நம் பக்கத்து அரசாங்கக் காகிதங்களில் அப்போதே வந்துவிட்டது. பின்னால் வந்த பள்ளி உணவின் கதை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்த இழுபறிதான். வயிறு நிறைய வைக்க அரிசி போதும். பிள்ளை வளர முட்டை வேண்டும், பயறு வேண்டும், கீரை வேண்டும், ஓட ஓர் இடம் வேண்டும்.

3

1920ஆம் ஆண்டு சென்னையில் இரண்டு விஷயங்கள் நடந்தன. இரண்டையும் யாரும் சேர்த்துச் சொல்லி நான் படித்ததில்லை.

முதல் விஷயம் எல்லோருக்கும் தெரிந்தது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர அந்த ஆண்டு செப்டம்பரில் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. ஏழைப் பிள்ளைகள், சோறில்லாததால் பள்ளிக்கு வருவதில்லை, வந்தால் எண்ணிக்கை கூடும் என்பதுதான் காரணம். பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்குப் போனது. சில வருடங்களிலேயே அந்தப் பள்ளிகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்யக் கூடாது என்று ஆங்கில அரசு சொன்னதால் 1925இல் திட்டம் நின்றது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை ஒரு தணிக்கைக் குறிப்பு நிறுத்திவிடும் என்பது அன்றைக்கும் அப்படித்தான்.

இரண்டாவது விஷயம், அதே 1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஆரம்பித்த ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. பள்ளிகளில் அதுவரை உடற்பயிற்சி என்றால் டிரில்தான். ஓய்வுபெற்ற சிப்பாய் ஒருவர் வந்து 'லெப்ட் ரைட்' சொல்லிக் கொடுப்பார். விளையாட்டைப் படித்துக்கொண்டு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் ஆசிரியர் என்ற ஒரு வேலையை இங்கே உருவாக்கியதில் அந்தக் கல்லூரிக்குப் பெரிய பங்கு. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் போன இந்திய அணியை அழைத்துப் போனவரும் பக்தான். நம் ஊர்களில் 'பீட்டி வாத்தியார்' என்று நாம் கூப்பிட்ட மனிதரின் பூர்வீகம் அங்கே இருக்கிறது.

ஆக, ஒரே ஊரில் ஒரே வருடத்தில் ஒரு தட்டும் ஒரு மைதானமும் கிடைத்தன. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. தட்டு ஏழைப் பிள்ளைக்கு என்றானது. மைதானம், மைதானம் வைத்திருக்கிற பள்ளிகளுக்கு என்றானது.

வெளிநாட்டுக் கதை வேறு மாதிரி. தென்னாப்பிரிக்காவில் போயர் போருக்கு ஆள் எடுத்தபோது தங்கள் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் சண்டைக்கே லாயக்கில்லாமல் மெலிந்து கிடப்பதைப் பார்த்துத்தான் பிரிட்டன் அதிர்ந்தது. அந்த அதிர்ச்சியின் தொடர்ச்சியாக 1906இல் பள்ளி உணவுச் சட்டம் வந்தது. அமெரிக்கா 1946இல் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டம் கொண்டுவந்தபோது, தேசப் பாதுகாப்பு என்ற சொல்லையே சட்டத்துக்குள் எழுதி வைத்தது. அவர்களுக்குச் சிப்பாய் வேண்டியிருந்தது. அதனால் சோறும் உடற்பயிற்சியும் ஒரே கோப்பில் இருந்தன. இங்கே வேண்டியிருந்தது பிள்ளை பள்ளிக்கு வருவது. அந்த நோக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பிள்ளை வந்துவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது.

4

1956இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் ஆரம்பமானது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்து அதை ஊர் ஊராகக் கொண்டு போனவர் நெ.து. சுந்தரவடிவேலு. முதலில் ஊர்க்காரர்கள் தந்த அரிசி, பருப்பு, விறகில்தான் ஓடியது. அப்புறம் அரசு மானியம். அறுபதுகளில் 'கேர்' என்ற அமெரிக்க அமைப்பின் பால் பவுடரும் கோதுமையும் எண்ணெயும் வந்தன. என் அப்பா தலைமுறையில் அந்த உப்புமாவின் வாசனையைச் சொல்லாதவர்கள் குறைவு. "அது அமெரிக்காக்காரன் மாட்டுக்குப் போடறதுன்னு சொல்லுவாங்க, ஆனா நாங்க ரெண்டு தடவை வாங்குவோம்" என்பார் அப்பா.

1982 ஜூலை 1ஆம் தேதி, திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அரசாங்கம் திவாலாகும், இது வெறும் ஓட்டு வேலை என்றெல்லாம் பேசினார்கள், எழுதினார்கள். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடு முழுக்க எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டபோது தமிழ்நாடு அதில் இருபது வருடம் பழுத்திருந்தது.

ஆனால் இங்கே அந்த எல்லைக் கோட்டைக் கவனிக்க வேண்டும். 1982 ஜூலையில் திட்டம் கிராமப்புறத்தில் இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரையிலான பிள்ளைகளுக்குத்தான். செப்டம்பரில் நகரங்களுக்குப் போனது. பத்து முதல் பதினைந்து வயது வரை உள்ளவர்களுக்கு 1984 செப்டம்பரில்தான் வந்தது. இரண்டு வருடம். ஒரே காம்பவுண்டில் இருக்கும் நடுநிலைப் பள்ளியில் இது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குக் கற்பனை செய்யப் பிடிக்கவில்லை. தம்பி வரிசையில் நிற்கிறான், ஆறாம் வகுப்பு அக்கா வேப்பமரத்தடியில் அவனுக்காகக் காத்திருக்கிறாள்.

முட்டையும் இப்படித்தான் மெள்ள மெள்ள நகர்ந்து வந்தது. 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. 1998இல் வாரம் ஒன்று. 2006இல் இரண்டு, 2007இல் மூன்று, 2010இல் ஐந்து. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். இடையில் பயறு, கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு. 2013க்குப் பிறகு ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதங்கள், மிளகு முட்டை, மசாலா முட்டை. ஆட்சி மாறும்போது முந்தைய ஆட்சியின் திட்டத்துக்குப் பூட்டுப் போடுவது நம் வழக்கம். பிள்ளைகளின் தட்டு மட்டும் அதற்கு விதிவிலக்கு. யார் வந்தாலும் கூட்டித்தான் வைத்தார்கள், யாரும் எடுக்கவில்லை. தமிழ்நாட்டு அரசியலில் எனக்கு மரியாதை வருகிற இடங்களில் இது ஒன்று.

தட்டை யார் நிரப்புவது என்பதிலும் ஒரு சண்டை இருந்தது, இருக்கிறது. 2018இல் அவிநாசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று பெற்றோர்கள் சிலர் எதிர்த்தார்கள். சத்து என்பதைப் புரதக் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. யார் ஆக்கிய சோற்றை யார் பக்கத்தில் உட்கார்ந்து தின்றோம் என்பதும் அந்த வயதில் உடம்புக்குள் போகிறது.

5

நான் ஆறாம் வகுப்புக்குப் போனது 1999. வாரம் ஒரு முட்டை காலம்.

முட்டை நாளில் வருகை எண்ணிக்கை கூடும். எங்கள் வகுப்பாசிரியருக்கு அன்றைக்கு அட்டென்டன்ஸ் எடுப்பதில் தனி உற்சாகம். வேடிக்கை என்னவென்றால் நாங்கள் வாழ்ந்தது முட்டைக் கடலுக்கு நடுவில். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற வழியெல்லாம் கோழிப் பண்ணைகள். காற்று திரும்பினால் வகுப்பறைக்குள்ளேயே வாசனை வரும். எங்கள் தெருவில் பல அம்மாக்கள் பண்ணைக்கு வேலைக்குப் போனார்கள். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குவார்கள். வீட்டுக்கு வருவது விரிசல் விட்ட முட்டை, அதுவும் பண்ணைக்காரர் கொடுத்தால்.

நாமக்கல் எப்படி முட்டை ஊரானது என்பது தனிக் கதை. மழையை நம்பிய மேட்டு நிலம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்தும், லாரிகள் நாமக்கல்லிலிருந்தும் நாடு முழுக்கப் போயின. அதே ஆட்கள், அதே துணிச்சல், எழுபதுகளில் கோழிப் பண்ணைக்குள் இறங்கியது. முட்டையை உற்பத்தி செய்வது சுலபம், விற்பதுதான் கஷ்டம். வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துப் பண்ணைக்காரர்கள் நொடித்துப் போனார்கள். 1982இல், எம்.ஜி.ஆர். சத்துணவு ஆரம்பித்த அதே ஆண்டில், பண்ணைக்காரர்களே விலையை அறிவிக்கும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு பி.வி. ராவ் முயற்சியில் உருவானது. நாமக்கல் மண்டல விலை இன்றைக்கும் தமிழ்ப் பத்திரிகைகளில் தினசரிச் செய்தி. புரட்டாசி வந்தால் ஊர் கவுச்சியை விட்டுவிடும், விலை இறங்கும். பள்ளிக்கூடம் மட்டும் புரட்டாசி பார்ப்பதில்லை. சுமார் 40 லட்சம் பிள்ளைகள், வாரம் ஐந்து முட்டை என்று கணக்குப் போட்டால் வாரத்துக்கு இரண்டு கோடி வருகிறது. எங்கள் மாவட்டத்துப் பண்ணைக்காரருக்குச் சத்துணவுத் திட்டம் ஒரு தர்ம காரியம் அல்ல, நிலையான வாடிக்கையாளர். இதில் எந்தத் தப்பும் இல்லை. தட்டில் முட்டை நிலைத்ததற்குப் பிள்ளைகளின் பசி மட்டும் காரணமில்லை, அதை விற்க வேண்டிய ஒரு சமவெளியும் காரணம். நல்ல விஷயங்கள் பல நேரம் இப்படித்தான் நிலைக்கின்றன.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். சட்டம் சொல்லும் 20 கிராமில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. பதினோரு வயதுப் பிள்ளைக்கு நாள் முழுக்கவும் 32 கிராம் அளவில் புரதம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. பதிமூன்றைத் தாண்டினால் அது சட்டென்று 43, 45 என்று ஏறுகிறது. ஏன் இந்தத் தாவல்? அந்த வயதில்தான் எலும்பு நீள்கிறது, தசை போடுகிறது, பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் ஆரம்பித்து இரும்புச்சத்து வெளியேறுகிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அது பதினைந்து வயதுப் பிறந்தநாளில் திடீரென்று வருவதில்லை. ஆறாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடுகிறது. வாரம் ஒரு நாள் பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரை அதற்குத்தான். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். பாதிப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே எறிவது அதனால்தான்.

6

இனி மைதானம்.

எங்கள் பள்ளியில் பி.டி. பீரியட் கால அட்டவணையில் இருந்தது. பி.டி. வாத்தியார் இல்லை. கணக்கு வாத்தியார் வந்து, "போர்ஷன் முடிக்கணும்ல, எல்லாரும் நோட்டை எடுங்க" என்பார். வராத நாளில் பையன்கள் கபடி, பொம்பளைப் பிள்ளைகள் திண்ணையில் தாயக்கரம். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் கதை என்று தெரியும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் கைத்தொழிலுக்கும் பகுதிநேர ஆசிரியர்கள் வேண்டும் என்றது. அதன்படி 2012இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரை நாட்கள். சம்பளம் அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. வேலை நிரந்தரம் ஆகவில்லை. சென்னையில் அவர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்த படங்களைப் பலமுறை பார்த்திருப்பீர்கள். ஒரு பதினொரு வயதுப் பிள்ளையின் ஓட்டத்துக்கும் குதிப்புக்கும் அரசு ஒதுக்கிய இடம் அந்த மூன்று அரை நாட்கள்தான். அதையும் மூன்று நான்கு பாடங்கள் பங்கு போட்டுக்கொண்டன. நூறு பிள்ளைக்குக் கீழே உள்ள பள்ளிகளுக்கு அதுவும் இல்லை. நம் கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில் ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் கூட்டினாலும் நூறு தேறாதவை நிறைய. மறுபடியும் ஓர் எல்லைக் கோடு.

"ஏழை வீட்டுப் பிள்ளைக்கு எக்சர்சைஸ் எதுக்கு, வீட்டு வேலையே போதாதா" என்று கேட்பவர்கள் உண்டு. பள்ளிபாளையத்தில் தறி வீட்டில் நூல் சுற்றுகிற பிள்ளை, சேலத்தில் கொலுசுக்கு வளையம் கோர்க்கிற பிள்ளை, இவர்களுக்கு உடம்பு அசைகிறது என்பது உண்மை. ஒரே இடத்தில் குனிந்து உட்கார்ந்து, ஒரே கையை அசைப்பது வேலை. மூச்சு வாங்க ஓடுவது, விழுவது, தோற்றுவிட்டு மறுபடி வருவது வேறு. அதில் உடம்பு பிள்ளைக்குச் சொந்தமாகிறது.

இந்தச் சமவெளி என்ன செய்ய முடியும் என்பதற்கு இரண்டு பெயர் போதும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கிய பையன், காய்கறி விற்ற அம்மாவின் பிள்ளை. அவரை உயரம் தாண்டச் சொல்லி ஊக்குவித்தது பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். சின்னப்பம்பட்டியின் டி. நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆரம்பித்து, ஆஸ்திரேலியப் பயணம் ஒன்றிலேயே மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். திரும்பி வந்து சொந்த ஊரில் பிள்ளைகளுக்காக ஒரு மைதானம் அமைத்தார். ஊருக்கு இல்லாமல் போனது என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒருவருக்குப் பள்ளியில் ஓர் ஆசிரியர் இருந்தார், இன்னொருவருக்கு ஊரில் ஒரு காலி இடம் இருந்தது. இரண்டும் இல்லாத ஊர்களின் பெயர் நமக்குத் தெரியாது, தெரியவும் வராது.

காசு உள்ளவர்களுக்கு நாமக்கல் வேறொன்றைக் கண்டுபிடித்தது. எட்டாவது முடிந்ததும் அல்லது பத்தாவது முடிந்ததும் பிள்ளையை விடுதிப் பள்ளியில் போட்டு மதிப்பெண் எடுக்க வைப்பது. 'பிராய்லர் பள்ளி' என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. நானும் அப்படி ஒன்றில்தான் பிளஸ் டூ முடித்தேன். ஊர்க்காரனாக ஒரு திருத்தம் மட்டும் சொல்கிறேன். பிராய்லர் கறிக்கோழி, அது பல்லடம் பக்கம். நாற்பது நாள் சொச்சத்தில் எடை போட்டு விற்றுவிடுவார்கள். நாமக்கல் கோழி லேயர், முட்டைக் கோழி. கூண்டில் நின்றபடி நிற்கும், தினமும் ஒன்று இட வேண்டும், அதற்காகக் கொட்டகையில் பதினாறு மணி நேரம் வெளிச்சம் வைத்திருப்பார்கள். காலை ஐந்து மணிக்கு எழுப்பித் தினமும் ஒரு டெஸ்ட் எழுத வைத்த எங்கள் விடுதிக்கு இந்த உவமைதான் பொருந்தும். அங்கே மைதானம் இருந்தது. ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட.

ஆக எங்கள் மாவட்டத்தில் காசில்லாத பிள்ளைக்கு வெற்று மைதானம் இருந்தது, சொல்லித் தர ஆள் இல்லை. காசுள்ள பிள்ளைக்குச் சாப்பாடு இருந்தது, மைதானத்துக்குப் போக நேரம் இல்லை.

7

தட்டுக்குத் திரும்புவோம். கார்னிஷ் கேட்ட பருப்பும் காய்கறியும் கிடைத்ததா?

இந்த மேட்டு நிலத்தின் பழைய சாப்பாடு கேழ்வரகுக் களி, கம்பஞ்சோறு, கொள்ளு, அவரை, காட்டில் கிடைக்கும் கீரை. கொல்லிமலையில் சாமை, தினை. சேலம் ஜவ்வரிசி ஆலைகளுக்குக் குச்சிக்கிழங்கு வேண்டியிருந்தது, மலையில் சாமைக் காடுகள் பல கிழங்குக் காடுகளாயின. சமவெளியில் ரேஷன் அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 முதல் இலவசம். அரிசி எங்கள் தெருவில் பசியை ஒழித்தது, அதை நேரில் பார்த்தவன் நான். அதை இழிவாகப் பேசும் நகரத்து ஆரோக்கியப் பேச்சு எனக்கு ஆகாது. ஆனால் வீட்டில் மூன்று வேளையும் அரிசி, நொறுக்குத்தீனிக்கு மாவும் எண்ணெயும் என்று தட்டு வெளுத்துப் போனதும் உண்மை.

எங்கள் காலத்தில் பள்ளி வாசலில் கிழவி ஒருவர் வேகவைத்த குச்சிக்கிழங்கும் நெல்லிக்காயும் கடலைமிட்டாயும் விற்பார். இப்போது பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குவது ஐந்து ரூபாய் பாக்கெட்டுகள். பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பொருட்களை விற்கக் கூடாது என்று 2020இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. ஐம்பது மீட்டரில் என்ன இருக்கிறது? ஐம்பத்தொன்றாவது மீட்டரில் கடை இருக்கிறது. 'ஜங்க் புட் சாப்பிடாதே' என்று சுவரில் எழுதுவதைவிட, அந்தப் பிள்ளை ஏன் அந்த பாக்கெட்டை வாங்குகிறது என்று கேட்பது பயனுள்ளது. பல சமயம் பதில் எளிமையானது. அதுதான் அவளுடைய காலைச் சாப்பாடு.

8

கடைசி எல்லைக் கோட்டுக்கு வருகிறேன்.

2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் முதலமைச்சர் ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் வைத்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கினார். 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளும் சேர்ந்தன. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். சுமார் 20 லட்சம் பிள்ளைகள். 1920இல் ஆயிரம் விளக்கில் ஓர் அணாவில் ஆரம்பித்த சிற்றுண்டி, நூறு வருடம் கழித்து மாநிலம் முழுக்க வந்தது. சாதாரண விஷயம் இல்லை. மனதாரப் பாராட்ட வேண்டியது.

வகுப்பு ஒன்று முதல் ஐந்து வரை.

நடுநிலைப் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். அதே காம்பவுண்டு, அதே வேப்பமரம். அம்மா பண்ணைக்கோ தறிக்கோ ஆலைக்கோ ஏழு மணிக்குக் கிளம்பிவிடுகிறாள். முந்தின இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை ஒரு டீ, ஒரு பொறையோடு பள்ளிக்கு வருகிறது. சத்துணவு பன்னிரண்டரைக்கு. பதினாறரை மணி நேரம். ஏப்ரல் வரை அந்தப் பிள்ளைக்குக் காலையில் சூடாகப் பொங்கல் இருந்தது. ஜூனில் ஐந்திலிருந்து ஆறுக்குப் போனது, பொங்கல் நின்றுபோனது. உடம்பு கேட்பது கூடிய மாதத்தில் தட்டு ஒன்று குறைகிறது. சட்டம் 450ஐ 700 ஆக்கியதே, இந்த வயதில் தேவை கூடுகிறது என்று தெரிந்ததால்தான். மதியத்துக்குத் தெரிந்தது காலைக்குத் தெரியாமல் போயிற்று.

செலவாகும் என்பார்கள். ஆகும்தான். ஆனால் நடுநிலைப் பள்ளியில் அடுப்பு ஏற்கெனவே எரிகிறது, அண்டா இருக்கிறது, ஆக்குகிற பெண்கள் ஆறு மணிக்கே வந்துவிடுகிறார்கள். கூட வேண்டியது இன்னும் மூன்று வகுப்புக்கான ரவையும் பருப்பும். எங்கள் தொழிலில் புதிதாக ஒரு மென்பொருள் கட்டுவதற்கும், ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றில் ஓர் எண்ணை மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். இது இரண்டாவது வகை. அதேபோல மைதானத்துக்கும் பெரிய அரங்கம் எதுவும் வேண்டியதில்லை. வாரம் மூன்று அரை நாளை ஐந்து முழு நாளாக்கிய ஒரு பீட்டி டீச்சர் போதும், அதிலும் பெண் ஆசிரியராக இருந்தால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இறங்கி வருவார்கள்.

1982இல் ஒன்பது வயதில் நின்ற கோடு பதினைந்துக்கு நகர இரண்டு வருடம் ஆனது. இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றிருந்த முட்டை வாரத்துக்கு ஐந்தாக இருபத்தொரு வருடம் ஆனது. தமிழ்நாட்டில் இந்தக் கோடுகள் நகரும் என்பதற்கு வரலாறு இருக்கிறது, பின்னோக்கி நகர்ந்ததில்லை என்பதற்கும் இருக்கிறது. ஆனால் பதினொன்றிலிருந்து பதினான்கு வரையிலான வளர்ச்சி அரசாணைக்காகக் காத்திருப்பதில்லை. இந்த ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு அது மூன்றே வருடம்.